உடுப்பறையில் நின்ற இரண்டாவது கம்ப்யூட்டர்

செயலாளர் அண்ணை, நீங்கள் பொய் சொன்னீர்கள். தெரியாமல் வாயில் வந்த பொய் இல்லை. பூசை முடிந்து சனம் எழும்ப முதல், பீடத்தடியில் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தே சொன்னீர்கள்.

"போன கிழமை மண்டபத்துக் கம்ப்யூட்டர் செத்துப் போச்சு. ஆனா ஒருத்தற்றை பேப்பரும் அழியேல்லை. மற்றக் கம்ப்யூட்டர் தானாப் பொறுப்பெடுத்து ஓடினது. அதைப் பூட்டித் தந்த இத்தாலியன் இன்ஜினியருக்கு நாங்கள் எல்லாரும் நன்றி சொல்ல வேணும்."

சனம் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த அந்த இத்தாலியன் எழும்பி, ஒன்றும் விளங்காமல் சிரித்தான். எங்கள் சங்கத்துக்கு அவன் செய்த ஒரே வேலை பிரிண்டருக்கு மை மாற்றியது. அவனில் பிழை இல்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அதைப் பொருத்திப் பூட்டினது நான். இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்டால், பெருமைக்குத்தான். அடக்கமானவன்போல நடிக்க எனக்கு வராது. நான் செய்த வேலை நல்ல வேலை. அதை இன்னொருவனின் பெயரில் எழுதினால் எனக்குக் கோபம் வரும். வந்திருக்கிறது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் பலெர்மோவின் கடற்கரைப் பக்கம், ஸ்ஃபெர்ராகவால்லோவில், ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறேன். செதில் எடுப்பது, கணவாய் துப்பரவாக்குவது, பெரிய சட்டிகள் கழுவுவது. ஊரில் இருந்தபோது கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் டேட்டாபேஸ் பார்த்தேன். இதைச் சொன்னதும் சிலர் "ஐயோ பாவம்" என்கிறார்கள். என்ன பாவம்? இரண்டும் எனக்குத் தெரிந்த வேலை. இரண்டிலும் அவசரப்பட்டால் கை வெட்டுப்படும்.

எங்கள் கோயில் பங்கில் உள்ள தமிழ்க் குடும்பங்களின் பேப்பர்கள் எல்லாம் சங்க மண்டபத்தில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஞானஸ்நானம், கலியாணம், பிறப்புப் பத்திரம், அதன் இத்தாலிய மொழிபெயர்ப்பு, யாருடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குகிற அனுமதி, எப்போது முடிகிறது என்ற திகதி. அந்த அனுமதியைக் கொடுக்கிற பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் ஒருவருக்குத் தவணை வந்தால், மண்டபத்துக்கு வந்து பெயரைச் சொல்லுவார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவார். அந்த டேட்டாபேஸை நாலு வருஷத்துக்கு முதல் உண்டாக்கியதும் நான்தான். அப்போது எவருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆகவே எவரும் அதைத் திருடவும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் கிழடு. என் மனைவி வேலை செய்கிற வீட்டு அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்கிறவர், தன் கணவரின் அலுவலகத்தை மூடியபோது இரண்டைத் தந்தார். ஒன்றில் எல்லாம் ஓடியது. மற்றது பெட்டிக்குள் கிடந்தது. போன மாரியில் ஓடுகிற கம்ப்யூட்டரின் டிஸ்க் கறகறக்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நான் உங்களிடம் வந்து சொன்னேன்: பெட்டியில் கிடக்கிறதையும் எடுத்து ஓடவிடுவோம். முதலாவதில் எழுதுகிற ஒவ்வொன்றும் அந்த நொடியே இரண்டாவதிலும் எழுதப்படும். ஒன்று விழுந்தால் மற்றது எழும்பும்.

நீங்கள் சொன்னீர்கள்: "நல்லது. இரண்டையும் ஒரே அலுமாரியிலை வை. திறப்பு என்னட்டை இருக்கும்."

"ஒரே அலுமாரி எண்டால் பிறகு ரெண்டு எதுக்கு அண்ணை?"

"பாதுகாப்புக்கு."

"எதிலையிருந்து? கள்ளன் வந்தால் ரெண்டையும் ஒண்டாத் தூக்கிக்கொண்டு போறதுக்கோ?"

"தம்பி, உனக்கு எல்லாத்துக்கும் ஒரு குதர்க்கம்."

குதர்க்கம் இல்லை அண்ணை. நீங்கள் தொண்ணூறுகளில் மன்னாரில் இருந்து வந்துவிட்டீர்கள். வன்னியில் கடைசியாக இடம்பெயர்ந்தவர்களுக்கு இது படிப்பித்துத் தெரியவேண்டிய விஷயம் இல்லை. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் பேப்பர் பை இரண்டு இருந்தது. மூலப் பேப்பர் ஒருவரிடம், போட்டோக்கொப்பி இன்னொருவரிடம். ஷெல்லுக்குப் பதுங்கும்போது இரண்டு பேரும் ஒரே பங்கருக்குள் இறங்க மாட்டார்கள். புருஷன் ஒன்றில், பெண்சாதி மற்றதில். என் பை தண்ணீரில் போனது. என் மனைவியின் பை போகவில்லை. நாங்கள் புருஷன் பெண்சாதி என்று இந்த நாட்டுக்கு நிரூபித்தது அந்தக் கொப்பியால்தான். ஆகவே ஒரே அலுமாரி, ஒரே திறப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பங்குச் சுவாமி இத்தாலியர். அவரிடம் போய்க் கேட்டேன். பீடத்துக்குப் பின்னால், அவர் பூசை உடுப்பு மாற்றுகிற அறையில் ஒரு மூலையைக் காட்டினார். கோயிலுக்கு வேறு மின் மீற்றர், மண்டபத்துக்கு வேறு. இன்டர்நெட் பெட்டியும் அந்த உடுப்பறையில்தான் இருந்தது. எனக்கு அதுவே போதும். உங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சுவாமியிடம் குதர்க்கம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

இனி வேலை. எங்கள் கடைக்குத் திங்கட்கிழமை பூட்டு. மூன்று திங்கட்கிழமை எடுத்தது.

டேட்டாபேஸ் தன்னைத் தானே இன்னொரு கம்ப்யூட்டருக்குப் படி எடுத்துக்கொள்ளும். அதில் புதுமை இல்லை. ஆனால் முதலாவது செத்ததா என்று பார்த்துக்கொண்டு இருக்க, செத்தால் இரண்டாவதை முதலாவதாக ஆக்க, அதற்கென்று ஒரு காவல்காரன் வேண்டும். அதற்கு ஒரு டூல் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டர் என்றால் அதை ஒரு வரியில் இறக்கிப் பூட்டலாம். எங்களுடையது பழசு. அதற்குத் தயாராகக் கட்டிய பொதியை எவரும் இப்போது வைத்திருப்பதில்லை. அதன் மூல எழுத்தை, சோர்ஸ் கோட் என்பதை, எடுத்து நானே கட்டவேண்டும். பொரித்த மீன் வாங்குவதற்கும், படகில் இருந்து வந்த மீனைச் செதில் எடுத்து வெட்டிப் பொரிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். முள் எங்கே இருக்கிறது என்று வெட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

முதல் திங்கட்கிழமை முழுக்க முள்தான். அது இல்லை, இது இல்லை என்று நின்றது. ஒன்றைத் தேடிப் போட்டால் அடுத்தது இல்லை என்றது. பின்னேரம் மூன்று மணிக்கு ஒருவழியாகக் கட்டி முடிந்தது. பூட்டினேன். டேட்டாபேஸை நிறுத்தித் திருப்பி எழுப்பினேன். எழும்பவில்லை. நான் பூட்டிய டூலின் கோப்பைக் காணவில்லை என்றது.

இந்த இடத்தில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸின் இரண்டு பதிப்புகள் இருந்தன. ஓடுவது பழையது. புதியதை, பார்ப்போமே என்று, ஒரு வருஷத்துக்கு முதல் நான்தான் போட்டுவிட்டு மறந்து போனேன். டூல் புதியதைப் பார்த்துத் தன்னைக் கட்டிக்கொண்டு, புதியதன் போல்டருக்குள் போய் இருந்துவிட்டது. நான் அதை யோசிக்காமல், கோப்பைத் தூக்கிப் பழையதன் போல்டருக்குள் கையால் போட்டேன். இப்போது கோப்பைக் கண்டது. பதிப்புப் பொருந்தாது என்று துப்பியது. அந்த நேரம் பார்த்து ஒரு புருஷனும் பெண்சாதியும் ஞானஸ்நானப் பத்திரம் கேட்டு மண்டபத்துக்கு வந்தார்கள். ஒரு மணித்தியாலம் காத்து நின்றார்கள். நான் செய்தவற்றை எல்லாம் திருப்பி எடுத்து, பழையபடி ஓடவிட்ட பிறகுதான் அவர்களுக்குக் கொடுத்தேன்.

நீங்கள் கதவடியில் நின்று சொன்னீர்கள்: "மீன் கழுவுற கையாலை இதை நோண்டாதை எண்டு நான் அப்பவே சொன்னனான்."

வீட்டுக்கு வந்தேன். நாங்கள் சீசா என்கிற பகுதியில் நாலாம் மாடியில் இருக்கிறோம். மனைவி உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றாள்.

"முகத்தைப் பார்த்தால் கம்ப்யூட்டர் உங்களை அடிச்சுப்போட்டுது போலை இருக்கு."

"ஓம். அடிச்சுப்போட்டுது."

"என்ன பிழையெண்டு தெரியுமோ?"

"தெரியும். என்ரை பிழை."

"அப்ப சுகம். கம்ப்யூட்டரின்ரை பிழையெண்டால்தான் கஷ்டம். உங்களைத் திருத்தலாம், நான் இத்தனை வருஷமாத் திருத்துறன்தானே."

இரண்டாம் திங்கட்கிழமை முதல் வேலையாகக் கட்டியதை எல்லாம் அடியோடு துடைத்தேன். புதுப் பதிப்பையும் கழற்றி எறிந்தேன். பழைய பதிப்பு எங்கே இருக்கிறது என்று டூலுக்கு நானே வழி காட்டினேன். பிறகு கட்டச் சொன்னேன். திரையில் வரி வரியாக ஓடியது. எனக்கு அது பார்க்கப் பிடிக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு துண்டு கட்டுப்படுவது. அன்றைக்கு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கடைசி வரி வந்து, அடுத்த கட்டளைக்குக் கேர்சர் மினுங்கிக்கொண்டு நின்றது. பூட்டினேன். டேட்டாபேஸை எழுப்பினேன். எழும்பியது. அந்த அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நான் எழும்பி நின்று, ஒரு தரம் மேசையில் குத்தினேன். கை நொந்தது. பரவாயில்லை.

இரண்டாவது கம்ப்யூட்டரிலும் அப்படியே கட்டினேன். ஒன்றோடொன்று பாஸ்வேர்ட் கேட்காமல் கதைக்கத் திறப்பு மாற்றிக் கொடுத்தேன். முதலாவதை முதன்மை என்று பதிந்தேன். இரண்டாவதை வெறுமையாக்கி, முதலாவதைப் படி எடுக்கச் சொன்னேன். எல்லாக் குடும்பங்களின் பேப்பர்களும் மண்டபத்தில் இருந்து உடுப்பறைக்கு ஒரு வயர் வழியாகப் போயின. போனதும் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

மூன்றாம் திங்கட்கிழமையைத்தான் நீங்கள் மறந்துவிட்டதாக நடிக்கிறீர்கள்.

அன்றைக்குச் சோதனை. ஓடுகிற கம்ப்யூட்டரைக் கொல்லாமல் இது வேலை செய்யுமா என்று சொல்ல முடியாது. நான் உடுப்பறையில் இரண்டாவது கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தேன். நீங்கள் மண்டபத்தில். இரண்டு பேரும் போனில். முதல் நாள் நான் எல்லாவற்றையும் தனி டிஸ்க் ஒன்றில் எடுத்து வைத்திருந்தேன். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பின்னடித்தீர்கள்.

"தம்பி, நீ வந்து புடுங்கன்."

"நான் இஞ்சை நிக்க வேணும் அண்ணை. திரையைப் பார்க்க வேணும். புடுங்குங்கோ."

"முறையா ஓஃப் பண்ணினால் என்ன?"

"சாகேக்கை ஆரும் முறையாச் சாகிறேல்லை. வயரைப் புடுங்குங்கோ."

"ஏசுவே, மரியாயே" என்று சொல்லிப் புடுங்கினீர்கள். எனக்குப் போனில் கேட்டது.

காவல்காரன் உடனே குதிக்காது. சும்மா ஒரு நொடி வயர் ஆடினதற்காக மற்றதைத் தலைவன் ஆக்கினால் குழப்பம். அது முதலாவதைக் கூப்பிட்டுப் பார்க்கும். பத்து நொடி பொறுக்கும். திருப்பிக் கூப்பிடும். ஆறு தரம் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த ஒரு நிமிஷம் நீங்கள் போனில் "என்ன, என்ன" என்றுகொண்டே நின்றீர்கள். நான் தரங்களை எண்ணிக்கொண்டு இருந்தேன். ஆறாம் தரமும் பதில் இல்லை. திரையில் ஒரு வரி விழுந்தது: இந்தக் கம்ப்யூட்டர் இனி முதன்மை. நான் உங்களுடைய பெயரைத் தேடினேன். உங்கள் கலியாணப் பத்திரம் வந்தது. போனில் வாசித்துக் காட்டினேன், திகதியோடு.

"எட, வந்திட்டுதே!" என்றீர்கள். "நீ கெட்டிக்காரனடா." அது உங்கள் வாயால் வந்த சொல். நான் கேட்டு வாங்கினது இல்லை.

அடுத்த நாள் கடையில் முதலாளியிடம் சொன்னேன். கணவாய் ஒரு கூடை எனக்கு முன்னால் கிடந்தது. அவர் விளங்கினாரோ தெரியாது, ஆனால் குசினி முழுக்கக் கேட்க, "இனி இவனை இஞ்ஞெஞ்ஞேரே எண்டு கூப்பிடுங்கோ!" என்று தன் மொழியில் கத்தினார். இன்ஜினியர் என்று அர்த்தம். அன்றில் இருந்து அங்கே எனக்கு அதுதான் பெயர். "இஞ்ஞெஞ்ஞேரே, சட்டி எங்கை?" பகிடிதான். ஆனால் பகிடிக்கென்றாலும் அந்தப் பெயரை வேலை செய்த ஆளுக்கே வைத்தார்கள்.

பெப்ரவரியில் லூர்து மாதா திருநாள் வந்தது. மண்டபத்தில் சமையல். பலெர்மோவில் சமைக்கிற எந்தத் தமிழ்ச் சனத்துக்கும் தெரியும், அளவுக்கு மேல் கறண்ட் இழுத்தால் மீற்றர் தானாக விழுந்து எல்லாம் நிற்கும் என்று. வீட்டில் அடுப்புப் போட்டால் இஸ்திரிப் பெட்டியை நிற்பாட்டுகிற ஆட்கள்தான் எல்லாரும். திருநாள் என்றால் மட்டும் அது எல்லாருக்கும் மறந்து போகும். மூன்று சோற்று குக்கர், ஒரு ஹீட்டர், பாட்டுப் பெட்டி. மீற்றர் விழுந்தது. யாரோ தூக்கிவிட்டார்கள். குக்கரை ஒருவரும் கழற்றவில்லை. திருப்பி விழுந்தது. திருப்பித் தூக்கினார்கள். மூன்றாம் தரம் தூக்கியபோது லைட் வந்தது, குக்கர் வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை. டிஸ்க் ஒரு தரம் கறகறத்து நின்றுவிட்டது.

நீங்கள் வெள்ளை வேட்டியோடு எனக்குப் பின்னால் ஓடி வந்தீர்கள். "எல்லாம் போச்சா? எல்லாம் போச்சா?"

உடுப்பறைக்குப் போனோம். இரண்டாவது கம்ப்யூட்டர் தன் மூலையில், சுவாமியின் உடுப்புக்களுக்குக் கீழே, அமைதியாக ஓடிக்கொண்டு இருந்தது. அந்த வரி திரையில் இருந்தது. ஆறு தரம் கூப்பிட்டிருக்கிறது. பதில் இல்லை. பொறுப்பெடுத்துவிட்டது. நாங்கள் சோறு சாப்பிட வரிசையில் நின்ற நேரத்தில் அது தன் வேலையை முடித்துவிட்டது.

அடுத்த நாள் காலமை குவெஸ்தூராவில் தவணை இருந்த ஒரு அக்கா திருநாளுக்கு வந்திருந்தார். வன்னியில் இருந்து வந்தவர், புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் மொழிபெயர்ப்பும் எங்களிடம்தான். மண்டபத்துக் கம்ப்யூட்டர் செத்துப் போச்சு என்று யாரோ சொல்ல, அவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தேடி வந்தார். நான் உடுப்பறையில் இருந்து நாலு தாளையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும், எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

"இது எங்கை கிடந்தது தம்பி?"

"மற்றப் பையிலை, அக்கா."

அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை அவருடைய பெர்மெஸ்ஸோ அலுவல் முடிந்தது. அந்த ஒரு நாளுக்காக மூன்று திங்கட்கிழமையும் எனக்குப் பலித்துவிட்டது.

அடுத்த ஞாயிறுதான் நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். சியாகுல்லிப் பக்கம் பழத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் சங்கத்துக்குக் கொண்டுவந்த மண்டரின் தோடம்பழப் பெட்டியையும் தூக்கி அந்த இத்தாலியனுக்குக் கொடுத்தீர்கள். நல்ல மண்டரின். பிந்திப் பழுக்கிற இனம்.

வாசலில் வைத்து உங்களைக் கேட்டேன்.

"அண்ணை, அது நான் செய்தது."

"தெரியும் தம்பி. ஆர் இல்லையெண்டது? ஆனா சனத்துக்கு ஒரு நம்பிக்கை வேணுமெல்லே. இத்தாலியன் பார்க்கிறான் எண்டால் பேப்பரைக் கொண்டுவந்து தருவினம். மீன் கழுவுறவன் பார்க்கிறான் எண்டால் தருவினமே?"

"நாலு வருஷமாத் தந்துகொண்டுதானே இருக்குதுகள்."

"அதுகளுக்குத் தெரியாதே, நீதான் பார்க்கிறாய் எண்டு. பாஸ்வேர்டுகளை ஒரு பேப்பரிலை எழுதித் தா. இனி அவன் பார்க்கட்டும். சங்கத்துக்கும் ஒரு மரியாதை."

மனைவி எனக்குப் பின்னால் நின்றாள். "அண்ணை," என்றாள், "போன ஞாயிறு உங்கடை வேட்டி நனையாமல் காப்பாத்தினதும் அந்த இத்தாலியனோ?" நீங்கள் திரும்பிப் போய்விட்டீர்கள்.

பாஸ்வேர்டுகளை நான் ஒளிக்கவில்லை. அது சனத்தின் பேப்பர். எல்லாவற்றையும் எழுதி, எப்படிக் கட்டினேன், எந்தப் பதிப்பு, எங்கே பிழை விட்டேன் என்பதையும் எழுதி, உறையில் போட்டுப் பங்குச் சுவாமியிடம் கொடுத்தேன். நீங்கள் அந்த இத்தாலியனைக் கூட்டிக்கொண்டுபோய் உடுப்பறையில் திரைக்கு முன்னால் இருத்தினீர்கள். அவன் பார்த்தான். "இது என் தொழில் இல்லை" என்று சுவாமியிடம் சொல்லிவிட்டு எழும்பினான். நேர்மையான ஆள். மண்டரின் பெட்டி அவனுக்கே இருக்கட்டும்.

இப்போது நிலைமை இதுதான். முதலாவது செத்துப் போனது. எல்லாக் குடும்பங்களின் பேப்பர்களும் ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில் நிற்கின்றன. சோதனைக்கு முதல் நாள் எடுத்து வைத்த பழைய டிஸ்க்கைத் தவிர, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. சிஞ்ஞோரா இன்னொன்று தருகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு இப்போது மூன்று திங்கட்கிழமை தேவையில்லை, ஒன்று போதும். ஆனால் மண்டபத்துத் திறப்பு உங்கள் இடுப்பில் இருக்கிறது. "இன்ஜினியர் வந்து பார்க்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு இருக்கிறீர்கள். எந்த இன்ஜினியர்?

நான் பின்கதவால் வந்து, பெயர் இல்லாமல், இன்னொரு தரம் கட்டிவிட்டுப் போகமாட்டேன். பேப்பர் தந்த சனத்துக்கு, அது யாருடைய கையில் இருக்கிறது என்று தெரியவேண்டும். தெரிந்த பிறகு, மீன் கழுவுகிறவன் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், நான் என் வழியில் போகிறேன். அதை அவர்கள் சொல்லட்டும். அவர்களுக்காக நீங்கள் சொல்லவேண்டாம்.

வருகிற ஞாயிறு நான் முன்வரிசையில் இருப்பேன். மனைவியும் இருப்பாள். அந்த அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பூசை முடிந்து, சனம் எழும்ப முதல், அதே இடத்தில் நின்று, அதே மைக்கில் சொல்லுங்கள்: நீங்கள் "ஏசுவே, மரியாயே" என்று வயரைப் புடுங்கினபோது, போனில் மற்றப் பக்கம் இருந்தது யார்? வாசலில் வைத்து என் காதுக்குள் வேண்டாம். எல்லாருக்கும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.